சூப்பர் வரிசைக்காகப் பொறுத்திருப்பதா, இருக்கும் கிராபிக்ஸ் கார்டையே வாங்கிவிடுவதா?

டிக்கோயா ஒளிப்படம்:

அனைவருக்கும் வணக்கம். திருமணங்கள், பூப்புனித நீராட்டு விழாக்கள், தோட்டத்துக் கோயில்களின் தேர்த்திருவிழாக்கள் ஆகியவற்றைப் படம்பிடித்துத் தொகுத்துக் கொடுக்கும் தொழிலை இலங்கை மலையகத்திலுள்ள டிக்கோயாவில் செய்து வருகிறேன். (கிராபிக்ஸ் அட்டை என்று எழுதினால் எங்கள் பக்கத்தில் மழைநாளில் காலில் ஏறும் அட்டைதான் நினைவுக்கு வரும் என்பதால் கார்ட் என்றே எழுதுகிறேன்.)

என் கணினியில் இருப்பது 2017ஆம் ஆண்டு வாங்கிய, 4 ஜிகாபைட் நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற கிராபிக்ஸ் கார்ட். பழைய கமராவுக்கு அது போதுமானதாகவே இருந்தது. சென்ற ஆண்டு வாங்கிய புதிய கமரா நிற விவரங்களைக் கூடுதலாக வைத்திருக்கும் 10 பிட், 4:2:2 முறையில், எச்.265 என்ற சுருக்க வடிவக் காணொளியாகப் பதிவு செய்கிறது. அதை டாவின்சி ரிசோல்வ் என்ற தொகுப்பு மென்பொருளில் இட்டால், மாப்பிள்ளை தாலி கட்டும் காட்சி ஓடாமல் நின்று நின்று நகர்கிறது. போதாக்குறைக்கு, இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கான வழக்கமான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வெளியீட்டை, இவற்றின் தயாரிப்பாளரான என்விடியா 2025 ஒக்டோபருடன் நிறுத்திவிட்டது; 2028 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும்.

ஏறக்குறைய இரண்டு இலட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கடந்த ஆண்டு முழுவதும், என்விடியாவின் இப்போதைய 50 வரிசைக் கார்டுகளின் மேம்பட்ட பதிப்புகளாக, ஆர்டிஎக்ஸ் 5070 சூப்பர் 18 ஜிகாபைட்டுடனும், 5070 டிஐ சூப்பர், 5080 சூப்பர் ஆகியவை 24 ஜிகாபைட்டுடனும் வரப்போகின்றன என்ற பேச்சு ஓயாமல் இருந்தது. 2026 ஜனவரியில் லாஸ் வேகஸில் நடந்த சிஇஎஸ் கண்காட்சியில் அறிவித்துவிடுவார்கள் என்று நம்பிக் காத்திருந்தேன். அங்கே புதிய கார்ட் எதுவும் அறிவிக்கப்படவில்லை. இப்போது சிலர் தள்ளிப்போயிற்று என்கிறார்கள், சிலர் கைவிட்டுவிட்டார்கள் என்கிறார்கள். சித்திரை வருடப்பிறப்புக்குப் பின்னர் எனக்குக் கல்யாண வேலைகள் வரிசையாக இருக்கின்றன. இந்த வதந்திகளில் எதை நம்பி நான் முடிவெடுப்பது?

பண்டாரவளையான்:

தம்பி, நினைவகத்தைப் பற்றிய பேச்சை நான் ஓரளவு நம்புகிறேன். திகதியையும் விலையையும் பற்றிய பேச்சை நம்புவதேயில்லை. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஜிடிடிஆர்7 நினைவகச் சிப் ஒவ்வொன்றும் 32 பிட் அகலமுள்ள பாதையில் இணைகிறது. 5070 கார்டின் பாதை 192 பிட் என்பதால் அதில் ஆறு சிப்கள் இருக்கின்றன; ஒன்றுக்கு 2 ஜிகாபைட் வீதம் 12 ஜிகாபைட் ஆகிறது. அதே ஆறு இடங்களில் 3 ஜிகாபைட் சிப்களைப் பொருத்தினால் 18 வந்துவிடும். 5080 கார்டுக்கு 256 பிட், எட்டு சிப்கள்; 16 இருந்த இடத்தில் 24 ஆகும். கார்டின் அடிப்படை வடிவமைப்பை மாற்ற வேண்டிய தேவையே இல்லை. 3 ஜிகாபைட் சிப் என்பதும் கற்பனைப் பொருள் அன்று. மடிக்கணினிகளுக்கான ஆர்டிஎக்ஸ் 5090 அந்தச் சிப்களைக் கொண்டுதான் 256 பிட் பாதையில் 24 ஜிகாபைட்டைப் பெறுகிறது. ஆகவே 18, 24 என்ற எண்களைச் சொல்வதற்கு நிறுவனத்துக்குள் ஒற்றன் எவரும் இருக்க வேண்டியதில்லை, பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்திருந்தால் போதும்.

இதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் தாமதத்துக்கான காரணமும் தெரியும். தொழில்முறைப் பயனர்களுக்கான ஆர்டிஎக்ஸ் புரோ 6000 பிளாக்வெல் கார்டில் 96 ஜிகாபைட் இருக்கிறது. அதற்கு அதே 3 ஜிகாபைட் சிப்கள் 32 தேவை. அதாவது நீங்கள் காத்திருக்கும் 24 ஜிகாபைட் கார்டுகள் நான்கிற்கு உரியதை அது ஒன்றே விழுங்குகிறது, விற்பதோ பல ஆயிரம் டொலருக்கு. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து எல்லா வகை நினைவகத்தின் விலையும் ஏறத் தொடங்கியது. நினைவகம் தயாரிக்கும் மைக்ரோன் நிறுவனம் குருஷல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த வியாபாரத்திலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்ததை இதனோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். இருக்கும் சிப்களை எந்தக் கார்டில் போட்டால் இலாபம் என்று கணக்குப் பார்க்கும் வியாபாரி, சூப்பர் வரிசையை இறக்க அவசரப்படுவாரா?

திகதியைப் பொறுத்தவரை பழைய வழக்கத்தை வைத்தும் எதுவும் சொல்ல முடியாது. என்விடியாவின் 20 வரிசையின் சூப்பர் கார்டுகள், அந்த வரிசை வந்து ஏறத்தாழ பத்து மாதங்களில், 2019 ஜூலையில் வந்தன. 40 வரிசையினுடையவை பதினைந்து மாதங்கள் கழித்து 2024 ஜனவரியில் வந்தன. இடையிலிருந்த 30 வரிசைக்கு மேசைக் கணினியில் சூப்பரே வரவில்லை. 2022இல் 4090 கார்ட் 600 வொட் இழுக்கும் என்று மாதக்கணக்கில் பேசினார்கள். வந்தபோது அது 450 வொட்டாக இருந்தது. அதே ஆண்டு செப்டெம்பர் 20ஆம் திகதி மேடையில் அறிவித்த 12 ஜிகாபைட் 4080 கார்டை என்விடியா ஒக்டோபர் 14ஆம் திகதி தானே மீட்டுக்கொண்டது. அடுத்த ஜனவரியில் 4070 டிஐ என்ற பெயரில் 899 டொலருக்குப் பதிலாக 799 டொலருக்கு இறக்கியது. போட்டி நிறுவனமான ஏ.எம்.டி.யின் 9070 கார்டுகள் 2025 ஜனவரியிலேயே கடைகளின் களஞ்சியங்களுக்கு வந்து சேர்ந்தும், பெப்ரவரி 28 வரை அவற்றின் விலையை நிறுவனம் வெளியிடவில்லை.

இனி உங்கள் வேலையைப் பார்ப்போம். 4:2:2 காணொளியை வன்பொருளிலேயே பிரித்துக் காட்டும் வசதி என்விடியாவின் 40 வரிசையிலும் அதற்கு முந்தியவற்றிலும் கிடையாது. 50 வரிசையில்தான் அது வந்தது. அந்த வசதிக்கு 24 ஜிகாபைட் வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் வந்த 5060 டிஐ கார்டிலும் அது இருக்கிறது. 16 ஜிகாபைட் கொண்டதன் அறிவிப்பு விலை 429 டொலர். டொலரை 300 ரூபாயென வைத்து, 18 சதவீத வற் வரியைச் சேர்த்தால் ஒன்றரை இலட்சத்தைச் சற்றுத் தாண்டுகிறது. கொழும்புக் கடைக்காரரின் இலாபத்தையும் இப்போதைய விலையேற்றத்தையும் அதன்மேல் நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த மாதமே வாங்கிவிடுவேன்.

பதுளைப் பழசு:

காத்திருப்பதில் அனுபவம் உள்ளவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை சொல்கிறேன். 2020 ஒக்டோபரில் 3070 கார்ட் 499 டொலருக்கு வந்தபோது என்னிடம் பணம் இருந்தது. முதல் மாதத்துத் தட்டுப்பாடு நீங்கட்டும் என்று பொறுத்தேன். கார்டுகளை ஓட்டி மெய்நிகர் நாணயச் சுரங்கம் தோண்டுபவர்கள் சந்தையையே வாரிக்கொண்டு போனார்கள். அதற்குள் 3070 டிஐ வரும் என்றார்கள்; வந்தது, விலை மட்டும் இறங்கவில்லை. பிறகு 2022 வந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாயைத் தொட்டது. வரியும் கப்பற்கூலியும் இல்லாமலேயே ஒரு இலட்சமாக இருந்த கார்ட் ஒரு இலட்சத்து எண்பதாயிரமாயிற்று. அந்தப் பணம் கடைசியில் எரிவாயுச் சிலிண்டருக்கும் பிள்ளைகளின் பால்மாவுக்கும் போனது.

எத்தீரியம் என்ற மெய்நிகர் நாணயம் 2022 செப்டெம்பரில் சுரங்க முறையைக் கைவிட்ட பின்னர், உழைத்துக் களைத்த கார்டுகள் பாவித்த பொருட்களாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் ஒன்றை வாங்கினேன். எட்டு மாதங்களில் திரை முழுவதும் வண்ணக் கோடுகள் தோன்றின. விற்றவர் அழைப்பை எடுக்கவேயில்லை. அமெரிக்காவில் அறிவிக்கும் திகதி வேறு, கொழும்புக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் கார்ட் வந்து நிற்கும் திகதி வேறு, நம் மலைக்கு வந்து சேரும் திகதி வேறு என்பதை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

தலவாக்கலை மாணவன்:

அண்ணன்மார்கள் மன்னிக்க வேண்டும், நான் காத்திருக்கத்தான் போகிறேன். செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளை வீட்டுக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் ஆசை எனக்கு. அங்கே மாதிரி நினைவகத்துக்குள் அடங்குகிறதா இல்லையா என்பதே முதற்கேள்வி. 16க்குள் அடங்காதது 24க்குள் அடங்கும் என்றால், அந்த எட்டு ஜிகாபைட்டுக்காக நான் ஒரு வருடம் பொறுப்பேன். எனக்குக் கல்யாண வீட்டார் எவரும் அழைப்பு எடுத்து அல்பம் எப்போது என்று கேட்கப்போவதில்லை.

பண்டாரவளையான்:

மாணவன் சொல்வது அவருடைய வேலைக்குச் சரி. அந்தத் தேவை எனக்கு இருந்தால் நானும் இப்போது 12 ஜிகாபைட் 5070 கார்டை வாங்க மாட்டேன்.

நானுஓயா மின்னியல்:

இதுவரை எவரும் மின்சாரத்தைப் பற்றிப் பேசாதது வியப்பாக இருக்கிறது. டிக்கோயா நண்பரே, உங்கள் 1050 டிஐ 75 வொட்டுக்குள் அடங்கும் கார்ட். பலவற்றுக்குத் தனி மின்கம்பியே கிடையாது. 5060 டிஐ 180 வொட் வரை எடுக்கும். 5070 கார்ட் 250 வொட். 2017இல் கணினியுடன் சேர்த்து வந்த பெயர் தெரியாத பவர் சப்ளையில் இவற்றைக் கொளுவ வேண்டாம். நல்ல 600 வொட் சப்ளை ஒன்றுக்கான பணத்தை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்தில் கார்டைப் பாருங்கள்.

மாலை ஆறு மணிக்குமேல் எங்கள் வரிசையில் எல்லா வீடுகளிலும் சுடுநீர்க் கேத்தலும் இஸ்திரிப் பெட்டியும் ஒன்றாக ஏறும்போது மின்குமிழ் மங்குவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 650 விஏ என்று எழுதிய யூ.பி.எஸ். உண்மையில் கொடுப்பது 360, 390 வொட் அளவில்தான். கார்டும் பிராசசரும் முழுமூச்சில் காணொளியை ஏற்றுமதி செய்துகொண்டிருக்கும்போது மின்வெட்டு வந்தால், அந்தப் பெட்டி ஒரு கீச்சொலியுடன் படுத்துவிடும். சித்திரை, ஐப்பசி மாதங்களில் பிற்பகல் இடி தொடங்கிவிட்டால் சுவரிலிருந்தே செருகியைக் கழற்றிவிடுங்கள். இணையத் தொடர்பு செப்புக் கம்பியில் வருமாயின் அதையும் கழற்றுங்கள். கார்டைச் சூடாகாமல் காக்கும் வேலையை மட்டும் எங்கள் குளிர் இலவசமாகச் செய்துகொடுக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 5060 டிஐ கார்ட் மதர்போர்டுடன் எட்டுத் தடங்களில் மட்டுமே பேசுகிறது. உங்களுடைய மதர்போர்ட் பழையது என்றால் கார்டைக் கொளுவும் இடம் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 என்ற பழைய தலைமுறை இணைப்பாகத்தான் இருக்கும், அங்கே எட்டுத் தடம் என்பது ஒடுங்கிய பாதை. கார்டின் நினைவகம் நிரம்பி, கணினியின் நினைவகத்தைக் கடன் கேட்கும்போதுதான் அந்த ஒடுக்கம் வலிக்கும். அதனால் மலிவாக இருக்கிறது என்று 5060 டிஐயின் 8 ஜிகாபைட் வகையை வாங்கிவிடாதீர்கள். இரண்டுக்கும் பெயர் ஒன்றே, பெட்டியும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும்.

டிக்கோயா ஒளிப்படம்:

அனைவருக்கும் மிக்க நன்றி. கணினியைத் திறந்து பார்த்தேன், மதர்போர்ட் 3.0 தான், பவர் சப்ளையில் எழுத்தே அழிந்துபோயிருக்கிறது. மாணவனுக்கு 24 கிடைக்கட்டும், எனக்கு 16 போதும் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். வியாழக்கிழமை என் மச்சான் கொழும்புக்குப் போகிறார். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் மூன்று கடைகளிலாவது விலை கேட்டுவிட்டு, பெட்டியின் மூலையில் 16 என்று அச்சிட்டிருப்பதைத் தொலைபேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்பிய பின்னரே பணத்தைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பவர் சப்ளையை மட்டும் ஹட்டனிலேயே வாங்குகிறேன். பழுதானால் அதைத் தூக்கிக்கொண்டு ஐந்து மணிநேரம் பஸ்ஸில் போக என்னால் முடியாது. பதுளை ஐயா, உங்களுடைய அந்த வண்ணக்கோட்டுக் கார்ட் இன்னும் வீட்டில் இருக்கிறதா? அதன் காற்றாடிகள் சுழலுமாயின் எனக்கு அவை தேவைப்படுகின்றன.