பொருள்: தலைக்கட்டு வரி வேண்டாம், அவரவர் சக்திக்குக் கொடுப்போம்

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

கண்மாய் நிறையவில்லை, நெல்லெல்லாம் கதிர் வாங்கும் முன்பே கருகிவிட்டது என்ற மடல்களைப் படித்து மனம் ஆறவில்லை. வெளிநாட்டில் இருக்கும் நாம் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஐயாயிரம் ரூபாய் வசூலித்து ஊருக்கு அனுப்பலாம் என்ற யோசனை நல்ல மனதோடு வந்தது. ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை.

திருவிழாவுக்கும் திருப்பணிக்கும் தலைக்கட்டு வரி சரி. அங்கே எல்லாக் குடும்பத்துக்கும் சம உரிமை, அதனால் சமத் தொகை. கஷ்டகால உதவி வேறு. ஷார்ஜாவில் டாக்சி ஓட்டும் நம் பிள்ளை ஐயாயிரம் கொடுத்தால், அந்த மாதம் வீட்டுக்கு அனுப்புவதில் துண்டு விழும். நியூஜெர்சியில் ஐ.டி. வேலையில் இருப்பவருக்குக் குடும்பத்தோடு ஒரு வேளை ஓட்டலில் சாப்பிடும் செலவு அது.

நான் மாதா கோயில் தெருக்காரன், எனக்குத் தெரிந்த வேதத்திலிருந்தே சொல்கிறேன். பைபிளில் திருத்தூதர் பணிகள் நூல், 11ஆம் அதிகாரம். ரோமப் பேரரசர் கிளாடியஸ் காலத்துப் பஞ்சம். எருசலேமில் துன்புறுத்தலுக்குத் தப்பிச் சிதறியவர்கள் போய் உண்டாக்கிய அந்தியோக்கியா சபை, எருசலேம் இருக்கும் யூதேயா பகுதிச் சகோதரர்களுக்குப் பணம் திரட்டியது. தலைக்கு இவ்வளவு என்று விதிக்கவில்லை, அவரவர் வசதிக்கு ஏற்பக் கொடுத்தார்கள். கிறிஸ்தவர்கள் என்ற பெயரே அந்த ஊரில்தான் முதலில் வந்தது. பெயர் வந்த கையோடு அவர்கள் செய்ததாக வேதம் சொல்வது இந்த வசூலைத்தான். அதே பஞ்சத்தில், யூத மறையைத் தழுவிய அதியாபேனே நாட்டு அரசி எலேனா எகிப்திலிருந்து தானியமும் சைப்ரஸிலிருந்து உலர் அத்தியும் வாங்கி எருசலேமுக்குக் கொடுத்தார் என்று அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். பசித்தவனுக்குச் சோறு போட யாருக்கும் உரிமை உண்டு.

பிற்பாடு திருத்தூதர் பவுல் எருசலேமுக்காக இன்னொரு காணிக்கை திரட்டியபோது, கொரிந்து ஊர்ச் சபைக்கு எழுதிய மடலில் இன்னொன்று சொல்கிறார்: இன்று உங்கள் மிகுதி அவர்கள் குறையைத் தீர்க்கட்டும், நாளை அவர்கள் மிகுதி உங்கள் குறையைத் தீர்க்கும். 2020இல், கொரோனா காலத்தில், இதைக் கண்ணால் பார்த்தோம். வளைகுடாவில் சம்பளம் இல்லாமல் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தபோது, நம் பணத்தை நம்பியிருந்த வீடுகளே "நீ அனுப்பாதே, முதலில் நீ சாப்பிடு" என்றன. ஊர் திரும்ப அரசு ஏற்பாடு செய்த வந்தே பாரத் விமானத்துக்கு டிக்கெட் எடுக்க என் அக்கா தோட்டை அடகு வைத்துப் பணம் போட்டுவிட்டாள். எத்தனை வீடுகளில் அப்படி நடந்ததோ!

அதனால் தொகை குறிக்க வேண்டாம். யார் எவ்வளவு கொடுத்தார் என்று குழுவில் போடவும் வேண்டாம். இது மொய் இல்லை. எந்தத் தெரு, எந்தச் சாமி என்று பார்க்காமல், வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படும் வீடுகளுக்கு முதலில் போகட்டும். குத்தகைக்கு உழுதவர்கள், தனியாக இருக்கும் வயதானவர்கள். அரிசிச் சிப்பத்தோடு அவர்களை நிறுத்தி போட்டோ எடுக்க வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

கணக்கு மட்டும் கறாராக இருக்கட்டும். பவுலே அந்தக் காணிக்கையைத் தனியாகக் கொண்டுபோகவில்லை, யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களைக் கூட வைத்துக்கொண்டார். நாமும் வேறு வேறு தெருக்காரர்கள் மூன்று பேர் கையெழுத்தில் வங்கிக் கணக்கை வைப்போம். பொறுப்பேற்க விருப்பமுள்ள அண்ணன், அக்காமார் இந்த மடலுக்கே பதில் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூகுள் மீட்டில் பேசி முடித்துவிடலாம்.