கன்று போட்டதிலிருந்து சினை ஊசி வரை: மாட்டு உடம்பை எப்படிப் பார்க்கிறீர்கள்?

மன்னார்குடி உறுப்பினர்:
வயிற்றைப் பார்த்து உடம்பைச் சொல்லாதீங்க. வைக்கோல் தின்று தண்ணி குடித்துவிட்டால் எலும்பும் தோலுமான மாடுகூடத் தெம்பாகத்தான் தெரியும். பின்னால் நின்று வாலடிக் குழியையும் இடுப்பெலும்பு முனைகளையும் பார்க்கணும். பிறகு கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், முதுகோரம் நீட்டியிருக்கும் குட்டை எலும்புகளின் நுனியைக் கையால் தடவணும். உடம்பு மதிப்பு 1 (எலும்பும் தோலும்) முதல் 5 (ரொம்பக் கொழுத்தது) வரை. லேசாகத் தொட்டாலே நுனிகள் தனித்தனியாகக் கூராக அகப்பட்டால் மதிப்பு 2. அழுத்தினால்தான் தட்டுப்படுகிறதா, 3. அழுத்தியும் தட்டுப்படாமல் வாலடியில் கொழுப்பு மேடு கட்டியிருந்தால் 4. கன்று போடும்போது 3 முதல் 3.5 இருக்கணும், ஊசி போடும் நாளுக்குள் அரைப் புள்ளிக்கு மேல் இறங்கக் கூடாது. 2.5-க்குக் கீழே போனால் பருவம் தள்ளிப்போகும், இல்லை வெளியே அறிகுறி தெரியாத ஊமைப் பருவமாகவே கழியும். ஊசி போட்டாலும் சினை நிற்பது சந்தேகம்.

கும்பகோணம் உறுப்பினர்:
இறங்குவதற்குக் காரணம் எளிது. பால் 4 முதல் 8 வாரத்தில் உச்சத்துக்கு வந்துவிடும். தின்னும் அளவு உச்சத்துக்கு வர 10 வாரத்துக்கு மேல் ஆகும். இடைப்பட்ட குறையை உடம்புக் கொழுப்பு ஈடுகட்டும். நம்ம பக்கம் நெல் வைக்கோலையே நம்புவதால் இறக்கம் இன்னும் வேகம். ஒரு நாளைக்கு அடர்தீவனம் (தானியம், தவிடு, புண்ணாக்குக் கலவை) உடம்புக்கு ஒன்றரை கிலோ, அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதம், தாது உப்புக் கலவை 50 கிராம், கூடவே கம்பு நேப்பியர் புல். தீவனத்தைக் கூட்டும்போது இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அரைக் கிலோ வீதம்தான். ‘பச்சை உடம்பு’ என்று சோற்றை வடித்துக் கொட்டுகிற பழக்கத்தை விடுங்க. வயிற்றில் புளிப்பேறி, தின்கிற கொஞ்சத்தையும் மாடு நிறுத்திவிடும். கன்று போடும்போதே 4 இருக்கிற மாட்டிடமும் உஷார்! அதுதான் முதலில் தீவனத்தை ஒதுக்கும், கீட்டோசிஸில் (உடம்புக் கொழுப்பு அளவுமீறிக் கரைவதால் வரும் நோய்) விழும்.

திருத்துறைப்பூண்டி உறுப்பினர்:
கும்பகோணம் அண்ணன் சொன்ன தீவனக் கணக்கு ஜெர்சி கலப்புக்குச் சரி. உம்பளச்சேரி உழவு இனம், பால் கம்மி. அது இளைத்தால் பாலைக் குறை சொல்ல முடியாது. வாய்க்கால் ஓரம் மேய்கிற மாடென்றால் தட்டைப்புழுவைச் சந்தேகப்படுங்க, அதைப் பரப்புவது நத்தை. தாடைக்கடியில் நீர் கோத்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். சாணத்தைப் பரிசோதித்து மருத்துவர் சொல்லும் மருந்துதான்; பாலை எத்தனை நாள் ஒதுக்கணும் என்றும் அவரிடமே கேளுங்க.

பட்டுக்கோட்டை உறுப்பினர்:
ஒரே ஆள்தான் தடவிப் பார்க்கணும், கை மாறினால் அரைப் புள்ளி மாறும். கன்று போட்ட அன்று, 30-ஆம் நாள், 60-ஆம் நாள் என்று மதிப்பைக் கொட்டகைத் தூணில் சாக்பீஸால் எழுதிவைத்தால் போதும்.