புது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் டிக் டிக் சத்தம், காப்பி பாதியில் நிற்கிறது. உதவி தேவை

வேதாரண்யம் சாலை: வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் கிராமம். போன வாரம் தஞ்சாவூரில் 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். தனி அடாப்டர் கிடையாது, யூஎஸ்பி ஒயரிலேயே ஓடும் சின்ன வகை. அப்பா எடுத்த கல்யாண, தேர்த் திருவிழா வீடியோக்களை இதில் ஏற்றவேண்டும். கஜா புயலில், 2018 நவம்பர் 16 விடியற்காலை, ஓடு பறந்து கம்ப்யூட்டர் நனைந்துவிட்டது. உள்ளேயிருந்த டிஸ்க் மட்டும் பிழைத்தது. அதை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி வைத்திருக்கிறேன். அப்பா இப்போது இல்லை, வேறு பிரதியும் இல்லை.

பத்து நிமிடம் காப்பி ஆனதும் புது டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் வந்து, விண்டோஸிலிருந்தே மறைந்துவிடுகிறது. வேகமும் 30 எம்பிதான். அதோடு 2 டிபிக்கு 1.81 தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? மாற்றித் தர கடையில் கொடுத்த கெடு நாளை மறுநாளோடு முடிகிறது.

குடமுருட்டி: 1.81 சரிதான், கவலை வேண்டாம். கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. 1 டிபி வாங்கினாலும் 931 ஜிபி என்றுதான் காட்டும். சத்தம்தான் விஷயம். எந்தப் போர்ட்டில் செருகினீர்கள்?

வேதாரண்யம் சாலை: சிபியூவின் முன்பக்கம். எட்டவில்லை என்று ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரும் போட்டேன்.

குடமுருட்டி: அப்படியென்றால் கரண்ட் பற்றவில்லை என்று நினைக்கிறேன். யூஎஸ்பி 2 போர்ட் கணக்குப்படி 500 மில்லி ஆம்பியர்தான் தரும். வேகம் 30ல் நிற்பதற்கும் அந்த யூஎஸ்பி 2 போர்ட்தான் காரணம். எக்ஸ்டென்ஷனை எடுத்துவிட்டு, பின்பக்கம் உள்ளே நீலமாக இருக்கும் யூஎஸ்பி 3 போர்ட்டில், டிஸ்க்கோடு வந்த ஒயரிலேயே செருகுங்கள். அதிலும் டிக் டிக் வந்தால் யோசிக்காமல் கடைக்கு எடுத்துப் போங்கள்.

வேதாரண்யம் சாலை: சத்தம் நின்றுவிட்டது அண்ணா! வேகம் 100ஐத் தொடுகிறது. இனி எல்லாவற்றையும் கட் செய்து இதில் போட்டுவிடலாமா?

மன்னை ஸ்டூடியோ: தம்பி, கட் செய்யவே கூடாது. காப்பி மட்டும். இருபது வருடமாக வீடியோ வேலை செய்கிறேன், கட் கொடுத்த பாதியில் கரண்ட் போய் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் புது டிஸ்க்கைவிட உங்கள் பழைய டிஸ்க்கை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு இரண்டையும் பாருங்கள். 05, சி5 வரிகளில் பூஜ்யம் இருக்கவேண்டும்.

வேதாரண்யம் சாலை: புதியதில் இரண்டும் பூஜ்யம். பழையதில் மஞ்சள் நிறம், சி5ல் 16.

மன்னை ஸ்டூடியோ: சி5 என்றால் படிக்கத் திணறும் இடங்கள். ஸ்கேன், டிஃபிராக் என்று அதை இனி உருட்டாதீர்கள். அப்பாவின் ஃபோல்டரை மட்டும் இப்போதே புதியதில் ஏற்றுங்கள். அங்கிருந்து நண்பர் யாருடைய டிஸ்க்கிலாவது இன்னொரு பிரதி. யூபிஎஸ் இருந்தால் அதில் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் புதியதைச் சோதிக்க எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளை ஓட்டுங்கள். அது காலி இடத்தில் மட்டும் எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும், ஏற்றிய வீடியோக்களைத் தொடாது. ராத்திரி முழுக்க ஓடும், விட்டுவிடுங்கள்.

வேதாரண்யம் சாலை: மொத்தம் 180 ஜிபி, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்திருக்கவேண்டியது. இரண்டு ஃபைலில் சிக்கி நின்றது. ஸ்கிப் கொடுத்து மற்றதை முடித்தேன். கம்ப்யூட்டரை அணைத்து ஆறவிட்டு, அந்த இரண்டை மட்டும் திரும்ப எடுத்தேன். ஒன்று வந்தது, ஒன்று வரவில்லை. பக்கத்துத் தெரு நண்பன் டிஸ்க்கிலும் ஒரு பிரதி போட்டாயிற்று. டெஸ்ட் நேற்று இரவு ஏழரைக்கு ஆரம்பித்து இன்று காலை முடிந்தது, ஒரு பிழையும் இல்லை. கடைக்குப் போக வேண்டியதில்லை.

வந்த ஃபைல் திருவாரூர் ஆழித்தேர். வடம் பிடிக்கிற சத்தத்துக்கு நடுவே, கேமராவுக்குப் பின்னாலிருந்து அப்பா "ஆரூரா, தியாகேசா" என்கிறார். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருவருக்கும் ரொம்ப நன்றி அண்ணா.

மன்னை ஸ்டூடியோ: வராத அந்த ஒன்றுக்காகப் பழைய டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள் தம்பி. கழற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். மன்னார்குடி பக்கம் வரும்போது எடுத்து வாருங்கள், நான் முயன்று பார்க்கிறேன்.