ஐஎன்எஃப்பி என்று வந்தது சரி, அப்புறம் எதற்காக வாழ்வது?

ஆற்றுமணல்:
எனக்கு வயது 29. கல்லூரி கடைசி வருடத்தில் நண்பன் அனுப்பிய அந்த 16 ஆளுமை வகைத் தேர்வை எடுத்தேன், ஐஎன்எஃப்பி (INFP) என்ற நான்கெழுத்து வகை வந்தது. கனவு காண்பவர், மனதுக்கு ஒட்டாத வேலையில் நிலைக்க மாட்டார் என்றெல்லாம் போட்டிருந்ததைப் படித்தபோது யாரோ என் டைரியைத் திறந்து பார்த்த மாதிரி இருந்தது, அன்று ராத்திரி தூங்கவே இல்லை. அதற்கப்புறம் 3 வேலை மாறிவிட்டேன், ஒவ்வொன்றையும் 'என் வகைக்கு ஒத்து வராது' என்றுதான் விட்டேன். இப்போது ஒரு ஆடிட்டரிடம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறேன். ஞாயிறு சாயங்காலம் ஆனாலே நெஞ்சு கனக்கிறது. என் வகைக்கு ஏற்ற வேலை கிடைத்தால் இந்த வெறுமை போய்விடுமா?

மாடித்தோட்டம்:
தம்பி, மனிதவளத் துறையில் 14 வருடம் இருந்தவள் சொல்கிறேன். அந்த வினாத்தாளை உருவாக்கியது அமெரிக்காவில் கேதரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் என்ற அம்மாவும் மகளும். இருவரும் முறையாக உளவியல் படித்தவர்கள் இல்லை, சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட கருத்துகளை வைத்துக் கட்டினார்கள். இரண்டாம் உலகப்போரின்போது புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்கு எது பொருந்தும் என்று பார்ப்பது ஒரு நோக்கம். ஊரில் எல்லோரையும் நெட்டை, குட்டை என்று இரண்டாகப் பிரித்தால் நடுத்தர உயரக்காரர் எங்கே போவார்? இதிலும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஆளை இரண்டில் ஒரு பக்கம் தள்ளுகிறார்கள், அதே சிக்கல்தான். ஒன்றிரண்டு பதில் மாறினாலே எழுத்து மாறிவிடும், சில வாரம் கழித்து எடுத்தால் வேறு வகை வருபவர்கள் நிறைய. ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள். அதை நம்பி 3 வேலையை விட்டிருக்கிறீர்களே, மனது கஷ்டமாக இருக்கிறது.

இரவுப்பணி:
நான் செவிலியர், நானும் கூச்ச சுபாவம்தான். போன மாதம் வார்டில் ஒரு பாட்டி, பக்கவாதம், பேச்சு இல்லை, தலை முழுக்கச் சிக்கு. ராத்திரி 3 மணிக்கு வார்டு அடங்கியதும் தேங்காய் எண்ணெய் தொட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டேன், 40 நிமிடம் ஆனது. விடியும்வரை இடது கையால் அந்தப் பின்னலைத் தடவிக்கொண்டே இருந்தார். இந்த வேலை எனக்குப் பொருந்துமா என்ற நினைப்பே அன்றைக்கு வரவில்லை.

வடகரை:
சகோதரி சொன்னதைப் படித்ததும் விக்டர் ஃபிராங்கல் ஞாபகம் வந்தார். வியன்னா மருத்துவர், யூதர். கோட்டுக்குள் மறைத்து வைத்திருந்த அவருடைய கையெழுத்துப் பிரதி 1944-இல் அவுஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமில் பறிபோனது. பின்னால் வேறொரு முகாமில் டைஃபஸ் காய்ச்சலோடு, கிடைத்த துண்டுத் தாள்களில் அதைத் திரும்ப எழுத ஆரம்பித்தார். வாழ்க்கையிடம் நாம் அர்த்தம் கேட்பதைவிட, அது நம்மிடம் என்ன கேட்கிறது என்று பார்க்கச் சொன்னவர். ஆற்றுமணல், உங்களிடம் யாராவது எதையாவது கேட்டு வருகிறார்களா?

ஆற்றுமணல்:
ஒருவர் வந்தார். ஹார்டுவேர் கடைக்காரர், கையில் நோட்டீஸ், கடையை மூடிவிடுவார்களோ என்று பயந்து போயிருந்தார். அது தாமதக் கட்டணம்தான் என்று வரி வரியாகப் படித்துக் காட்டினேன், நாற்காலியில் சாய்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். இதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கனம் அப்படியேதான் இருக்கிறது.

இரவுப்பணி:
அந்தக் கனத்தோடு தூக்கம், பசி கெட்டு இரண்டு வாரம் தாண்டினால் வேலை விஷயம் என்று விட்டுவிடாதீர்கள் தம்பி. 14416, டெலிமானஸ், அரசின் மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரியும் எடுப்பார்கள்.