மச்சானுக்கு ஆங்கிலத்தில் என்ன? (அவசரம்)

தூக்கக்கலக்கம்: ஒரு படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன், முழுக்க ஆங்கிலம். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற இடத்தில் மச்சான் பெயரைப் போட்டுவிட்டேன். பக்கத்திலேயே உறவுமுறை கேட்கிறான். என்ன எழுத? மாலைக்குள் அனுப்பணும்.

கொத்துமல்லி: எந்த மச்சான்? அக்கா புருஷனா, மனைவியோட அண்ணன் தம்பியா, மாமா பையனா?

வெள்ளெலி: கசின் என்று போடுங்க. யாரும் தோண்டிப் பார்க்க மாட்டாங்க.

கொத்துமல்லி: மாமா பையனாக இருந்தால்தானே கசின்!

தேனடை: தோளில் கைபோடுகிற சிநேகிதனும் மச்சான்தான். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இலக்கணன்: கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. அக்கா கணவர், மனைவியின் தம்பி, கணவரின் அண்ணன் எல்லோரும் ஆங்கிலத்தில் 'பிரதர் இன் லா'தான். அந்த 'லா' தேவாலயச் சட்டம். யாரை யார் மணக்கக்கூடாது என்று வகுத்தது. கல்யாணத்தால் வந்த சகோதரியும் அங்கே சகோதரி. இறந்த மனைவியின் தங்கையை மணக்க இங்கிலாந்தில் 1907இல்தான் சட்டம் இடம் கொடுத்தது. இதெல்லாம் இங்கே முன்பே பேசியாகிவிட்டது.

தூக்கக்கலக்கம்: மன்னிக்கணும். மனைவியோட அக்கா வீட்டுக்காரர். மச்சான் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. மொத்தம் 20 கட்டம்தான் இருக்கு.

கொத்துமல்லி: அட, சகலை! இதை முதலிலேயே சொல்லக்கூடாதா?

வெள்ளெலி: அப்போ கோ-பிரதர். எங்கள் ஆபீஸில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம்.

இலக்கணன்: அது இந்திய ஆங்கிலம். வெளியாட்களுக்குப் புரியாது. சகலையும் பிரதர் இன் லாவில் அடக்கம், அகராதியைப் பாருங்கள். நடுக்கோடுகளோடு 14 கட்டம்.

தேனடை: ஸ்பானிய மொழியில் சகலைக்கு 'கொன்குன்யாதோ', சம்பந்திக்கு 'கொன்சுவேக்ரோ' என்று தனித்தனியாக உண்டு. ஆங்கிலம்தான் இதில் பரம ஏழை.

கொத்துமல்லி: ஓரகத்திக்கு?

வெள்ளெலி: கோ-சிஸ்டர். ஓரகத்தி எல்லாம் புத்தகத் தமிழ். பேச்சில் ஓர்ப்படிதான்.

கொத்துமல்லி: எங்கள் பாட்டி ஓரகத்தி என்றுதான் சொல்வாள். அவள் புத்தகத்தைத் தொட்டதே இல்லை.

வெள்ளெலி: எங்கள் பாட்டி ஓர்ப்படி என்பாள்.

இலக்கணன்: இரண்டும் வழக்கில் உண்டு. இழையின் தலைப்பு மச்சான்.

கொத்துமல்லி: அதை ஓர்ப்படிக்காரரிடம் சொல்லுங்கள்.

தூக்கக்கலக்கம்: அனுப்பிவிட்டேன். யாருக்கும் குழப்பம் வேண்டாமென்று 'வைஃப்ஸ் சிஸ்டர்ஸ் ஹஸ்பண்ட்' என்று விரித்தே எழுதினேன். மேற்குறிகளை விட்டும் 21 வந்தது. கடைசி 'டி' கட்டத்துக்கு வெளியே நிற்கிறது.