ஜிஎஸ்டி ஆடிட்டுக்குக் கடைக்கே வர்றாங்க: 2022-23 கணக்கை எப்படித் தயார் பண்றது?

ஈரோடு_ஹார்டுவேர்:
2022-23-க்கு ஏடிடி-01 (ஆடிட்டுக்கு வர்றோம்னு ஜிஎஸ்டி ஆபீஸ் அனுப்புற) நோட்டீஸ் வந்திருக்கு, ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 65. மொத்த வியாபாரம், கணக்கு டாலி சாஃப்ட்வேர்ல. பில் மூட்டை எல்லாத்தையும் பரண்ல இருந்து இறக்கணுமா? எதுல ஆரம்பிக்கலாம்?

வரிக்கணக்கு:
மூட்டை அப்புறம். நீங்க போட்ட ரிட்டன்களை ஒன்னோட ஒன்னு ஒட்டிப் பார்க்கிறதுதான் ஆடிட் ஆபீசருங்களோட முதல் வேலை. அதை நீங்க முந்திக்குங்க. நோட்டீஸுக்கும் ஆடிட்டுக்கும் நடுவில் குறைஞ்சது 15 வேலைநாள் இருக்கு.

மாசவாரியா ஒரு எக்செல்: ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை ரிட்டன்), 3பி (வரி கட்டுற மாச ரிட்டன்), டாலி விற்பனை, இ-வே பில் (சரக்கு அனுப்ப ஆன்லைனில் எடுக்கிற சீட்டு) மொத்தம். இன்னொன்னு: 3பி-யில் எடுத்த கிரெடிட் (கொள்முதலில் கொடுத்த வரியைக் கழிச்சது), 2பி (சப்ளையர் போட்ட பில்களை வச்சு போர்ட்டல் காட்டுற கிரெடிட் பட்டியல்), கொள்முதல் ரிஜிஸ்டர். வித்தியாசம் வர்ற ஒவ்வொரு மாசத்துக்கும் பக்கத்துலயே காரணம் எழுதுங்க. இ-வே பில் ரத்தாகாம நின்னுபோச்சு, கிரெடிட் நோட் அடுத்த மாசம் ஏறிச்சு, இந்த மாதிரி. பில் நம்பரோட எழுதணும். காரணம் காலியா இருக்கிற வரியில்தான் கேள்வி வரும்.

180 நாளுக்குள் பணம் கொடுக்காத கொள்முதல் பில்களையும் வயசு வாரியா எடுத்து வைங்க. பழைய இரும்பு விற்றது, பழைய வண்டி விற்றது டாலியில் ‘இதர வரவு’ன்னு ஒளிஞ்சிருக்கும். அதையும் பாருங்க.

லாரி_வாடகை:
ஹார்டுவேர் கடையில் மாட்டுறது பெரும்பாலும் லாரி வாடகை லெட்ஜர்தான். லாரி சர்வீஸ் பில்லில் வரி போடலைன்னா 5% ஆர்சிஎம் (சேவை கொடுத்தவருக்குப் பதிலா வாங்கினவர் கட்டுற வரி) நீங்க கட்டணும். வருஷத்துக்கு 4,80,000 வாடகைன்னா வரி 24,000. ரெண்டு வருஷ வட்டி 18% கணக்கில் 8,640.

ஆனா லெட்ஜர் மொத்தத்துக்கும் தலையாட்டிடாதீங்க. கன்சைன்மென்ட் நோட் (லாரி சர்வீஸ் கொடுக்கிற சரக்கு ரசீது) இல்லாத குட்டியானை வாடகைக்கு வரி கிடையாது. சின்ன லாரி வாடகைக்கான 750, 1,500 ரூபாய் வரைக்குமான வரி விலக்கு 17.7.2022 வரைக்கும் இருந்தது. அதுக்கு முந்தின சின்ன வவுச்சர்களைத் தனியாப் பிரிங்க. பதிவு இல்லாத ஓனருக்குக் கொடுத்த கடை வாடகைக்கு ஆர்சிஎம் வந்ததே 10.10.2024-ல்தான், இந்த வருஷத்துக்குப் பொருந்தாது.

ஈரோடு_ஹார்டுவேர்:
நன்றி சார். பின்தெருவில் ஒரு குடோன் இருக்கு, ஜிஎஸ்டி பதிவில் சேர்க்கல. அப்புறம், ஆடிட்ல ஏதாவது தப்புன்னு சொன்னா உடனே பணத்தைக் கட்டிடணுமா?

வரிக்கணக்கு:
குடோனை ஆர்இஜி-14 (பதிவைத் திருத்துற படிவம்)-ல் இன்னிக்கே சேருங்க, வாடகை ஒப்பந்தமும் மின் ரசீதும் வேணும். மாற்றம் நடந்த 15 நாளுக்குள் செஞ்சிருக்கணும், தாமதம் தாமதம்தான். இருந்தாலும் அவங்க கண்டுபிடிக்கிறதைவிட இது மேல். வாசல் போர்டில் ஜிஎஸ்டி எண், உள்ளே பதிவுச் சான்றிதழ், இந்த ரெண்டும் இருக்கான்னும் பாருங்க.

கட்டுறதுக்கு அவசரப்படாதீங்க. ஆட்சேபனையை எழுத்தில் கேளுங்க, பதிலையும் எழுத்தில் கொடுங்க. உண்மையிலேயே விட்டுப்போனதை மட்டும் ஷோகாஸ் (ஏன் வரி கேட்கக் கூடாதுன்னு விளக்கம் கேட்கிற நோட்டீஸ்) வர்றதுக்கு முன்னாடி வட்டியோட டிஆர்சி-03 (தானா முன்வந்து கட்டுற படிவம்)-ல் கட்டினா, மோசடி இல்லாத பாக்கிக்கான பிரிவு 73 படி அபராதம் இல்லை. மோசடின்னு பிரிவு 74-க்குப் போனா, அதே கட்டத்தில் 15% அபராதம் சேரும்.

எந்த ஆவணம் கொடுத்தாலும் கவரிங் லெட்டர் வச்சு, நகலில் சீல் வாங்குங்க. ஆவணம் கொடுத்த நாள், கடையில் ஆடிட் தொடங்கின நாள், இதில் எது பிந்தியதோ அதிலிருந்துதான் ஆடிட்டை முடிக்க அவங்களுக்கு உள்ள 3 மாசக் கெடு ஓடும். சீல் இல்லைன்னா அந்தத் தேதியே தகராறாயிடும்.