பாப்பா எவ்வளவு பால் குடிக்குதுன்னு எடை போட்டு பாத்தவங்க இருக்கீங்களா?

என் பையன் 34 வாரத்துலயே பொறந்துட்டான், என்ஐசியூல (பொறந்த குழந்தைங்களுக்கான ஐசியூ) இருக்கும்போதுதான் இந்த டெஸ்ட் வெயிட் பத்தி தெரிஞ்சுது. பால் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு எடை, குடுத்து முடிச்ச உடனே ஒரு எடை, வித்தியாசம் எத்தனை கிராமோ கிட்டத்தட்ட அத்தனை மில்லி உள்ள போயிருக்குன்னு கணக்கு. நடுவுல டயப்பர் மாத்தக்கூடாது, குல்லா சாக்ஸ் கூட கழட்டக்கூடாது. ஒன்னுக்கு போயிட்டா என்ன பண்றதுன்னு கேட்டேன், போனா போகட்டும்மா டயப்பர்லதான இருக்கு, எடை எங்க போகப்போகுதுன்னாங்க சிஸ்டர். வீட்டுக்கு வந்தப்புறம் வாங்கின மெஷின் 50 கிராம் கணக்குலதான் காட்டும், அதுவும் இவன் காலை உதைச்சா நம்பர் நிக்கவே நிக்காது, அதுல எங்க 30 மில்லிய பாக்கறது.

//

ஒரே ஒரு வேளை எடைய வச்சு முடிவு பண்ணிடாதீங்க ப்ளீஸ். என் பொண்ணு காலைல நல்லா குடிப்பா, சாயங்காலம் சும்மா வாய வச்சுட்டு தூங்கிடுவா, உடனே எங்க மாமியார் பால் பத்தலன்னு ஆரம்பிச்சுடுவாங்க. பம்ப் பண்ணி பாட்டில்ல காட்டினா இன்னும் மோசம், குழந்தை உறிஞ்சற அளவுக்கு பம்ப் எடுக்காது. ஆஸ்திரேலியால தாய்ப்பால் மட்டும் குடிக்கற, 1 மாசத்துல இருந்து 6 மாசம் வரைக்கும் உள்ள குழந்தைங்கள 24 மணி நேரம் எடை போட்டு 2006ல ஒரு ஆய்வு வந்துச்சு. சராசரி ஒரு நாளைக்கு 788 கிராம், ஆனா குறைஞ்சது 478, அதிகம் 1356, எல்லாமே ஆரோக்கியமான குழந்தைங்க!! ஒரே வேளைல 240 கிராம் வரைக்கும் குடிச்சதும் இருக்கு, ஒன்னுமே குடிக்காம வாய் வச்சதும் இருக்கு. எங்க டாக்டர் கேட்டதெல்லாம் ஒரு நாளைக்கு 6 தடவையாவது ஒன்னுக்கு போறாளா, வாரா வாரம் எடை ஏறுதா, அவ்ளோதான்.

//

தராசே இல்லாம அளக்கற முறை ஒன்னு இருக்கு தெரியுமா, எங்க அக்கா ஒரு ஆராய்ச்சில சேந்திருந்தா. அம்மாவுக்கு டியூட்டீரியம் (அது ஒரு வகை கனமான ஹைட்ரஜன்) கலந்த தண்ணி கொஞ்சம் குடிக்க குடுக்கறாங்க, கதிர்வீச்சு எல்லாம் கிடையாது, பயப்பட ஒன்னும் இல்ல. அது பால் வழியா குழந்தைக்கு போகும். அப்புறம் 14 நாள்ல அப்பப்போ வந்து ரெண்டு பேர் எச்சிலும் எடுப்பாங்க, குழந்தை வாய்ல பஞ்ச சுத்தி ஊறவிட்டு அத சிரிஞ்சுக்குள்ள போட்டு பிழிஞ்சு எடுப்பாங்க, அக்கா பையனுக்கு அது ஏதோ விளையாட்டு மாதிரி. அம்மா எச்சில்ல குறையறது, குழந்தை எச்சில்ல ஏறி எறங்கறது, ரெண்டையும் வச்சு எவ்வளவு பால்னு கணக்கு போட்டுடுவாங்க. இதுல வேடிக்கை என்னன்னா பால் தவிர வேற தண்ணி எவ்வளவு உள்ள போச்சுன்னும் தெரிஞ்சிடுமாம். அத கேட்டதும் எங்க அம்மா மெதுவா, நான் கொஞ்சம் சர்க்கரை தண்ணி தொட்டு வச்சேன்டின்னாங்க.